பழைய டிராக்டரும் பின்சக்கரத்து எடையும்

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில், ஏலாக்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழ் படித்தவர்களுக்கு இவ்வூர் வீரமாமுனிவர் மூலம் அறிமுகமாகியிருக்கும். இத்தாலியில் பிறந்த அவர் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே தங்கிப் பணி செய்தார். ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். எகரத்தையும் ஏகாரத்தையும் எழுத்தில் பிரித்துக் காட்ட அவர் செய்த திருத்தம் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. எழுத்தின் உறுப்பை மாற்றியவர் வாழ்ந்த ஊரிலிருந்து நான் எழுத வந்திருப்பது வேறொரு உறுப்பு மாற்றத்தைப் பற்றி. பழைய டிராக்டர்களில் நாம் மாற்றுகிற பாகங்களும், அவற்றின் சக்கரங்களில் ஏற்றுகிற எடையும்தான் இக்கட்டுரையின் பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம். கொள்ளிடப் படுகையில் எங்கள் சித்தப்பாவின் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. பாரம் ஏற்றிய டிரெய்லர் ஒன்று மணலும் களியும் கலந்த இடத்தில் அச்சு வரை இறங்கிவிட்டது. சித்தப்பாவின் டிராக்டர் மிகப் பழையது. பின்டயர்களில் தண்ணீர் அடைத்திருந்தார். “இழுவை போதவில்லை” என்று யாரோ சொன்ன யோசனையின் பேரில் சங்கிலியைக் கீழே உள்ள இழுவைக் கம்பியிலிருந்து கழற்றி, டாப் லிங்க் மாட்டும் இடத்தில், அதாவது இருக்கைக்குச் சற்றுக் கீழே பின்புறம் உள்ள கொண்டியில், மாட்டினார்கள். முதல் கியரில் கிளட்சை விட்டதும் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. ஓட்டியவர் பழக்கப்பட்டவர், கால் தானாகக் கிளட்சை மிதித்தது. முன்பக்கம் ‘தொப்’ என்று விழுந்து அச்சின் நடு முளை முறிந்தது. மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் மிதிக்க அரை வினாடி தாமதித்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அன்று மாலை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சித்தப்பா என்னைக் கேட்டார்: “காலேஜிலே பிசிக்ஸ் சொல்லிக் குடுக்கிறியே தம்பி, பின்னாலே முன்னூறு கிலோ தண்ணி இருக்கையிலே முன்னாலே எப்படித் தூக்கும்? வெயிட்டு போட்டா வண்டி தரையிலே நல்லா உக்காரணுமே?”

நல்ல கேள்வி. பெரும்பாலோர் நினைப்பதும் இதுதான். இதற்கு விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

பெட்ரோலில் ஓடி முன்னும் பின்னும் நகரக்கூடிய முதல் டிராக்டரை 1892-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் ஃப்ரோலிக் என்பவர் கட்டினார். அதற்கு முன்பு நீராவி எந்திரங்கள் இருந்தன. அவை மலைபோல் கனமானவை. எளிய உழவன் வாங்கக்கூடிய சிறிய டிராக்டர் என்பது ஹென்றி ஃபோர்டு 1917-இல் வெளியிட்ட ஃபோர்ட்சன்தான். 1928-இல் அமெரிக்காவில் அதன் உற்பத்தி நிற்கும்வரை ஏழு லட்சத்துக்கு மேல் விற்றது. விலை மலிவு, எடையும் குறைவு. ஆனால் ஒரு கெட்ட குணம் அதற்கு உண்டு. பின்னால் கட்டி இழுத்த கலப்பை ஒரு வேரிலோ பாறையிலோ சிக்கினால், டிராக்டர் முரட்டுக் குதிரைபோல் முன்காலைத் தூக்கிப் பின்பக்கமாக ஓட்டுநர் மேலேயே கவிழ்ந்துவிடும். இதனால் பலர் இறந்தனர். பின்னர் வந்த ஃபோர்ட்சன்களில் மட்கார்டுகளைப் பின்புறம் நீட்டி, தூக்கினால் தரையில் ஊன்றிக்கொள்ளும்படி செய்தார்கள். அது நோய்க்கு மருந்தல்ல, நோயாளிக்கு ஊன்றுகோல்.

நோயின் காரணத்தைப் பார்ப்போம். எஞ்சின் பற்சக்கரங்கள் வழியாகப் பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி உங்களுக்குத் தெரியும். சக்கரத்தை முன்னோக்கித் திருகும் டிராக்டரின் உடலைச் சக்கரம் பின்னோக்கித் திருகுகிறது. சாதாரணமாக முன்பக்கத்தின் எடை இதைத் தாங்கிக்கொள்கிறது. பின்சுமை பெரிதாகும்போதுதான் தொல்லை.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். 1,500 கிலோ எடையுள்ள ஒரு டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அதன் ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 0.65 மீட்டர் முன்னால் இருக்கட்டும். பின்டயர் தரையைத் தொடும் புள்ளியைச் சுழல் புள்ளியாகக் கொண்டால், முன்பக்கத்தை அமுக்கிவைக்கும் திருப்புத்திறன் 1,500 × 0.65, அதாவது 975. இதற்கு எதிராக வேலை செய்வது சங்கிலியின் இழுவிசையும் அது தரையிலிருந்து இருக்கும் உயரமும். (விசையைக் கிலோ எடையிலேயே சொல்கிறேன். நியூட்டனில் வேண்டுவோர் 9.8-ஆல் பெருக்கிக்கொள்க.)

சங்கிலி இழுவைக் கம்பியில், 0.45 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டிருந்தால், முன்பக்கம் தூக்க 975-ஐ 0.45-ஆல் வகுத்து வரும் 2,167 கிலோ இழுவிசை வேண்டும். அந்த டிராக்டரால் அவ்வளவு இழுக்க முடியுமா? டயருக்கும் அந்த மண்ணுக்கும் உள்ள பிடிப்பு எடையில் 0.6 பங்கு என்று வைத்துக்கொண்டால், முழு எடையும் பின்சக்கரத்தின் மேல் வந்தாலும் 900 கிலோவுக்கு மேல் இழுக்க முடியாது. அதற்குமுன் டயர் வழுக்கிச் சுற்றும். சேறு வாரி அடிக்கும், டீசல் வீணாகும், ஓட்டுநர் திட்டுவார். ஆனால் பிழைத்திருப்பார்.

இப்போது சங்கிலியை மேலே டாப் லிங்க் கொண்டியில், 0.95 மீட்டர் உயரத்தில் மாட்டுவோம். 975-ஐ 0.95-ஆல் வகுத்தால் 1,026. இவ்வளவு விசையே போதும், முன்பக்கம் எழும்பிவிடும். எனினும் டயரின் பிடிப்பு 900 கிலோதான், எழும்புமுன் வழுக்கிவிடும். மயிரிழையில் தப்பினோம்.

கடைசியாக, இரு பின்டயர்களிலும் ஆளுக்கு 150 லிட்டர் தண்ணீர் அடைப்போம். எடை 300 கிலோ கூடிவிட்டது. இந்த 300 கிலோ எங்கே இருக்கிறது? சரியாகச் சுழல் புள்ளிக்கு மேலே. சுழல் புள்ளிக்கு நேர்மேலே உள்ள எடைக்குத் திருப்புத்திறன் சுழியம். ஆகவே முன்பக்கத்தை அமுக்க அது ஒரு கிராம்கூட உதவாது. தூக்கத் தேவையான விசை அதே 1,026 கிலோதான். ஆனால் பிடிப்பு? 1,800-இல் 0.6 பங்கு 1,080 கிலோ. இனி டயர் வழுக்காது, வண்டி தூக்கும்.

சித்தப்பாவின் கேள்விக்கு விடை இதுவே. பின்சக்கரத்து எடை வண்டியை ‘உட்கார’ வைக்கவில்லை. வழுக்கல் என்ற பாதுகாப்பு வால்வை அது மூடிவிட்டது. அதே டிராக்டரின் மூக்கில், பின் அச்சிலிருந்து 2.4 மீட்டர் முன்னால், 100 கிலோ இரும்பைத் தொங்கவிட்டுப் பாருங்கள். திருப்புத்திறன் 1,215 ஆகிறது. மேல் கொண்டியிலிருந்தும் தூக்க 1,279 கிலோ வேண்டும். பிடிப்பு 1,900-இல் 0.6 பங்கு, அதாவது 1,140தான். முன்னால் வைத்த 100 கிலோ பின்னால் வைத்த 300 கிலோவின் ஆபத்தை ஈடுகட்டிவிட்டது! கரும்பு ஏற்றும் டிராக்டர்களின் முன் பம்பரில் இரும்புத் தட்டுகளை அடுக்கியிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அலங்காரத்துக்காக அல்ல. ஆயினும் இதைச் சொன்னவுடன் “முன்னாலே நூறு கிலோ மாட்டிக்கிட்டு மேல் கொண்டியிலே கட்டலாம்” என்று முடிவு செய்துவிடாதீர்கள். கணக்கில் 0.6 என்று நான் வைத்த எண்ணை நிலம் தன் இஷ்டம்போல் மாற்றிக்கொள்ளும்.

மேல் கொண்டி ஏன் அங்கே இருக்கிறது? இழுக்க அல்ல, தள்ளுவதற்கு. இதன் வரலாறு சுவையானது.

முதல் உலகப் போரின்போது, 1917-இல், அயர்லாந்தில் ஹாரி ஃபெர்குசன் என்ற எஞ்சினியர் டிராக்டர்களைக் கண்காணிக்கும் வேலையில் அமர்த்தப்பட்டார். உழவர்களோடு வயல்வயலாகச் சுற்றிய அவருக்கு ஒன்று புரிந்தது. குற்றம் டிராக்டரிலும் இல்லை, கலப்பையிலும் இல்லை. இரண்டையும் இணைக்கும் சங்கிலியில் இருக்கிறது. அவர் கலப்பையை டிராக்டரோடு மூன்று புள்ளிகளில் இணைத்தார். கீழே இரண்டு கைகள், மேலே ஒன்று. கொழுமுனையை மண் பிடித்துப் பின்னே இழுக்கும்போது கலப்பையின் மேற்பகுதி முன்னே சாயப் பார்க்கிறது. அப்போது மேல் கை, அதாவது டாப் லிங்க், டிராக்டரை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் முன்சக்கரங்களைத் தரையோடு அமுக்கும் பக்கமாக வேலை செய்கிறது. எந்தச் சிக்கல் வண்டியைக் கவிழ்த்ததோ அதே சிக்கலின் விசையைக் கொண்டே அவர் வண்டியை நிறுத்தினார். அதோடு விடவில்லை. டாப் லிங்கின் அமுக்கத்தை ஒரு ஸ்பிரிங் உணர்ந்து ஹைட்ராலிக்கை இயக்கும்படி செய்தார். மண் இறுகினால் கலப்பை தானே சற்று உயரும். அதன் எடையின் ஒரு பங்கு பின்சக்கரத்துக்கு மாறும். தேவையானபோது தேவையான அளவு எடை! பாறையில் மோதினால் அந்த எடையை விடுவித்து டயரை வழுக்கவிடும் ஏற்பாடும் அதில் இருந்தது. இரும்புத் தட்டுகளைச் சுமந்து திரியவேண்டிய அவசியத்தை இப்படிக் குறைத்தார். 1926-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1938-இல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கியதைத் தவிர வேறு எழுத்து ஒப்பந்தம் இல்லாமலே கூட்டு வைத்து, 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டர் வெளிவந்தது. போருக்குப் பின் அந்தக் கூட்டு முறிந்து வழக்கு மன்றம் போனது வேறு கதை.

ஆக, எங்கள் படுகையில் சங்கிலி மாட்டிய அந்தக் கொண்டி, உயிர் காக்க ஒருவர் கண்டுபிடித்த கொண்டி. முன்னோக்கித் தள்ளுவதற்கென்று அமைத்ததை நாம் பின்னோக்கி இழுக்க வைத்தோம். ஒரே இடம், ஒரே உயரம். விசையின் திசை மட்டும் எதிரானது.

இனி எடைத் தட்டுகள் எப்படி வந்தன என்று பார்ப்போம். ஆரம்பகால டிராக்டர்களுக்கு இரும்புச் சக்கரங்கள். பின்சக்கரத்தில் முரட்டுப் பற்கள் இருக்கும். அவை மண்ணில் குத்திப் பிடிக்கும். பிடிப்புக்குக் குறைவில்லை. ஆனால் சாலையில் ஓட்ட முடியாது. உழவனின் முதுகெலும்பும் வலித்தது. 1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி, விமானத்துக்கான டயர்களைத் தன் ‘யு’ மாடல் டிராக்டரில் மாட்டிப் பார்த்தது. காற்றடித்த ரப்பர் கால்களோடு டிராக்டர் வயலில் இறங்கியதைக் கண்டு பலர் சிரித்தார்களாம். மறுவருடமே அந்த டிராக்டரின் திருத்திய வடிவம் ஒன்றைப் பார்னி ஓல்ட்ஃபீல்டு என்ற கார்ப் பந்தய வீரர் மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். உழவனுக்கு அந்த வேகம் எதற்கு என்று கேட்கக்கூடாது, விளம்பரம் அப்படித்தான். உண்மையான இலாபம் வேறு. இரும்புச் சக்கரம் மண்ணில் குத்திக் குத்தி எழுவதில் வீணான ஆற்றல் ரப்பரில் மிச்சமாயிற்று. எரிபொருளில் கால் பங்குவரை மீந்தது. 1940 வாக்கில் அமெரிக்காவில் விற்ற புதிய டிராக்டர்களில் மிகப் பெரும்பாலானவை ரப்பர் டயரோடுதான் வந்தன. இரண்டாம் உலகப் போரில் ரப்பர் பஞ்சம் வந்து சிலகாலம் மறுபடி இரும்புக்கே போனார்கள்.

ரப்பருக்கு ஒரு குறை இருந்தது. இரும்புப் பல்லைப்போல் அது மண்ணைக் குத்தாது, உராய்வைத்தான் நம்பவேண்டும். உராய்வு எடையைப் பொறுத்தது. எனவே வார்ப்பிரும்புத் தட்டுகளை உருக்கிச் சக்கரத்தில் போல்ட் போட்டு முடுக்கினார்கள். நம் மெக்கானிக்குகள் ‘வீல் வெயிட்’ என்று சொல்வது இதைத்தான். அதைவிட மலிவான வழி டயருக்குள் தண்ணீர் அடைப்பது. வால்வு உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை நிரப்புவார்கள். ஏறத்தாழ முக்கால் பாகம் நிறையும். மீதிக் கால் பாகம் காற்று. தண்ணீரை அமுக்க முடியாதாகையால், முழுதும் நிரப்பினால் டயர் கல்லாகிவிடும். டயரின் அளவுக்கேற்ப ஒவ்வொன்றும் 100 முதல் 200 லிட்டர் வரை கொள்ளும். குளிர்நாடுகளில் தண்ணீர் உறைந்துவிடும் என்று கால்சியம் குளோரைடு கரைத்து ஊற்றினார்கள். உறையாது, தண்ணீரைவிடக் கனமும் கூடுதல். ஆனால் ரிம்மை அரித்துத் தின்றுவிடும். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஏலாக்குறிச்சியில் தண்ணீர் உறைந்த வரலாறு கிடையாது.

இந்தியாவுக்கு வருவோம். 1951-இல் நாடு முழுவதிலும் இருந்த டிராக்டர்கள் சுமார் 8,600. 1961-இல் 31,000. எல்லாம் இறக்குமதிச் சரக்கு என்று சொல்லிவிடலாம். 1959-இல் ஃபரீதாபாதில் ஐஷர் டிராக்டர் உற்பத்தி தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சென்னை செம்பியத்தில் டாஃபே நிறுவனம் மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்ய ஆரம்பித்தது. ஃபெர்குசனின் கம்பெனி 1953-இல் கனடாவின் மாஸி-ஹாரிஸோடு சேர்ந்ததால் வந்த பெயர் இது. 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் செக்கோஸ்லோவாகியா, போலந்து, சோவியத் நாடு ஆகியவற்றிலிருந்து ஜீட்டர், உர்சஸ், பெலாரஸ் முதலிய வண்டிகளும் வந்து இறங்கின. கொள்ளிடத்துக்குத் தென்கரையில் தஞ்சை மாவட்டம். 1960-61-இல் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு இந்தியாவில் முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களில் ஒன்று. வடகரையில் இருந்த நாங்கள் அப்போது திருச்சி மாவட்டம். அக்கரையில் ஓடிய வண்டிகள் பழசானபின் இக்கரைக்கு வந்தன என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள்.

பழசு என்பதை இங்கே இழிவாகச் சொல்லவில்லை. ஒரு டிராக்டர் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது அதன் எஞ்சினைவிட அதன் உறவினர்களைப் பொறுத்தது. சொல்லப்போனால் பாகம் மாற்றுவதன் வரலாறே இதுதான். 1956-இல் இங்கிலாந்தில் வந்த ஃபெர்குசன் 35-இல் ஸ்டாண்டர்டு கம்பெனியின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் இருந்தது. குளிரில் கிளப்புவது பெரும்பாடு என்று பெயர் எடுத்தது. 1959-இல் அதை எடுத்துவிட்டுப் பெர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். 3.152 என்று அதன் பெயர். மூன்று சிலிண்டர், 152 கன அங்குலக் கொள்ளளவு. நம் அளவில் இரண்டரை லிட்டர். பெர்க்கின்ஸ் எஞ்சின்களைச் சென்னையில் சிம்சன் கம்பெனி தயாரித்து வந்தது. ஆகவே இந்த எஞ்சினின் வழித்தோன்றல்கள் பல பத்தாண்டுகள் நம்மூர் டிராக்டர்களில் தொடர்ந்தன. பிறந்த நாட்டில் அந்தக் கவெண்ட்ரி தொழிற்சாலையே 2000-களின் தொடக்கத்தில் மூடப்பட்டுவிட்டது. இங்கேயோ லைனர், பிஸ்டன், ரிங் என்று திருச்சிக் கடைத் தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த நல்ல இரும்பு வண்டிகள் பல, ஒரு சிறு பற்சக்கரம் கிடைக்காமல் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் துருப்பிடித்தன. அவற்றின் குறை உறுதியில் இல்லை, உறவில்தான்.

ஆனால் எல்லா மாற்றமும் ஒன்றல்ல. இரண்டு எடுத்துக்காட்டுச் சொல்கிறேன்.

முதலாவது, போல்ட். பழைய ஆங்கிலேய வடிவ டிராக்டர்களில் மரைகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அது தொலைந்தால் பட்டறையில் கைக்கு அகப்படுவது 12 மில்லிமீட்டர் போல்ட். துளையில் லொடலொட என்று நுழைந்துவிடும். ஒரு நட்டையும் போட்டு முடுக்கிவிடலாம். சாதாரணத் தகடு என்றால் பரவாயில்லை. ஐம்பது கிலோ வீல் வெயிட்டைச் சக்கரத்தில் பிடித்திருக்கும் போல்ட் இப்படி இருந்தால், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் எடை ஒருமுறை மேலும் கீழும் இடம் மாறி அதை வெட்டுகிறது. இறுக முடுக்கிய போல்டில் எடையைத் தாங்குவது இரு தட்டுகளுக்கு இடையேயான உராய்வு. தளர்ந்த போல்டில் போல்டே தாங்குகிறது. ஒருநாள் அறுந்து போகும்.

இரண்டாவது, டயர். 12.4-28 அளவுக்குப் பதிலாக 13.6-28 மாட்டிக்கொள்ளும் ஆசை நம்மவர்களுக்கு உண்டு. பார்க்கக் கம்பீரம், நிலத்தில் பரப்பும் கூடுதல். ஆனால் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 4 சதம் கூடுகிறது. அச்சில் அதே முறுக்குவிசை, ஆரம் பெரிது; ஆகவே தரையில் இழுவிசை 4 சதம் குறையும், வேகம் 4 சதம் கூடும். இழுவை குறைந்ததே என்று தண்ணீர் அடைப்பார்கள். டயர் வழுக்காமல் பிடித்துக்கொண்டால் அந்தச் சுமை முழுவதும் கிரவுன் பினியனுக்கும் அச்சுக்கும் போகும். வழுக்கல் என்பது பற்சக்கரத்துக்கும் பாதுகாப்பு என்பதை மறந்துவிடுகிறோம்.

டயரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. ஃபெர்குசன் டிராக்டரின் பின்சக்கரங்களை இடம் மாற்றி மாட்டி, இரண்டுக்கும் இடையே உள்ள அகலத்தை 48 அங்குலத்திலிருந்து 76 அங்குலம்வரை வைத்துக்கொள்ளலாம். அகலத்தை மாற்ற இடப்பக்கச் சக்கரத்தை வலப்பக்கத்துக்கும், வலத்தை இடத்துக்கும் மாற்றும்போது டயரின் பற்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனிக்கவேண்டும். டிராக்டருக்குப் பின்னால் நின்று பார்த்தால் பற்கள் கூரை முகடுபோல் மேல்நோக்கிக் கூம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் மண் நடுவிலிருந்து ஓரமாக வழிந்து வெளியேறும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஈரமண்ணில் பதிந்த தடத்தைப் பாருங்கள். கூம்பு வண்டி போன திசையைக் காட்டாது, வந்த திசையைக் காட்டும். ஏன் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சேற்று வயலில் கதையே வேறு. அங்கே எடை பகை. புழுதி உழவில் கரிசல் நிலத்தைப் பிளக்கத் தண்ணீர் டயர் நல்லது. நடவுக்கு முன் சேறு கலக்கும்போது அதே எடை வண்டியைப் புதைத்துவிடும். எனவே நம்மூரில் பின்சக்கரத்தோடு இரும்புக் கம்பிகளாலான கேஜ் வீலை மாட்டுகிறார்கள். பரப்பு கூடுவதால் அழுத்தம் குறைகிறது. குறுக்குப் பட்டைகள் சேற்றைத் துடுப்புப்போல் தள்ளுகின்றன. 1932-இல் உலகம் விடைகொடுத்த இரும்புச் சக்கரம் காவிரிப் படுகையில் இப்படித் திரும்பி வந்திருக்கிறது. கழற்றாமல் அதோடு தார்ச்சாலையில் ஏறினால் சாலை கெடும். அந்தத் தகராறு ஊர்தோறும் இருக்கிறது.

கேஜ் வீலோடு புதைந்த வண்டியில்தான் மிகப் பெரிய ஆபத்து. சக்கரம் சேற்றில் இறுகி அசையாமல் நிற்கும். அதன் குறுக்கே ஒரு மரத்துண்டைக் கட்டி முதல் கியரில் ஏற்றப் பார்ப்பார்கள். முன்பு சொன்ன மூன்றாம் விதியை நினைவுகூருங்கள். சக்கரம் சுற்ற முடியாவிட்டால் எஞ்சின் எதைச் சுற்றும்? பினியன் கிரவுன் சக்கரத்தின் மேல் ஏற, டிராக்டரின் உடலே அச்சைச் சுற்றி எழும்பும். இதற்குச் சங்கிலியும் வேண்டாம், சுமையும் வேண்டாம். முன்பக்கம் தூக்க ஆரம்பித்ததிலிருந்து முழுதும் கவிழ ஒன்று அல்லது ஒன்றரை வினாடி போதும். ஏதோ தவறு என்று மூளை உணர்ந்து கால் கிளட்சைத் தேடுவதற்குள் பாதி நேரம் போய்விடும். புதைந்த வண்டியைப் பின்னோக்கி எடுக்கப் பார்க்கவேண்டும். ரிவர்ஸ் கியரில் எதிர்விசை முன்பக்கத்தைக் கீழே அமுக்குகிறது. அதுவும் முடியாவிட்டால் இன்னொரு வண்டியைக் கொண்டு, தாழ்ந்த இழுவைக் கம்பியில் கட்டி இழுக்கவேண்டும்.

சுவீடன் நாட்டில் 1959 முதல் புதிய டிராக்டர்களில் கவிழ்ந்தால் தாங்கும் இரும்புச் சட்டம் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பின் அங்கே இவ்வகைச் சாவுகள் பெரிதும் குறைந்தன. நம் பழைய வண்டிகளில் இருக்கும் தகரக் கூரை நிழலுக்கானது. அது தாங்கும் என்று எண்ணி யாரும் ஏமாறவேண்டாம்.

அப்படியானால் எவ்வளவு எடைதான் சரி? இதற்குக் கருவி ஏதும் வேண்டாம், ஒரு சுண்ணாம்புக் கட்டி போதும். பின்டயரில் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு வயலில் ஓட்டச் சொல்லி, சக்கரம் பத்துச் சுற்று சுற்றும்போது வண்டி எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துகொள்ளுங்கள். பிறகு கலப்பையை இறக்கி உழுதுகொண்டே அதே பத்துச் சுற்று. முதலில் 40 மீட்டரும் பிறகு 35 மீட்டரும் வந்தால், 5 மீட்டர் வழுக்கல், அதாவது 12.5 சதம். வயல் உழவில் 10 முதல் 15 சதம் வழுக்கல் இருப்பது நல்லது. அதற்கு மேலே போனால் டயரும் டீசலும் வீண்; எடை கூட்டலாம். 5 சதத்துக்குக் கீழே இருந்தால் தேவையில்லாத இரும்பைச் சுமந்து மண்ணை இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள், கழற்றிவிடுங்கள்.

சென்ற கோடை விடுமுறையில் சித்தப்பா வயலில் இதைச் செய்து பார்த்தோம். 4 சதம் வந்தது. தண்ணீரை இறக்கச் சொன்னேன். ஒரு டயரிலிருந்து மட்டும் இறக்கினார். மற்றதற்கு வால்வு திருகிவிட்டது என்றார். டியூப் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஒருபக்கம் மட்டும் கனமாக இருந்தால் வரப்பு ஏறும்போது என்ன ஆகும் என்பதை அவருக்குப் படம் போட்டுக் காட்டவேண்டியதாயிற்று. மறுநாள் பட்டறைக்குப் போய் அதையும் இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். மேல் கொண்டியில் சங்கிலி மாட்டமுடியாதபடி ஒரு பழைய டாப் லிங்கை அதில் நிரந்தரமாகப் போட்டுவைத்திருக்கிறார்.